நாற்பது நொடி நின்ற கப்பல்

நான் பார்க்கிற வேலை அப்படி. தேயிலைத் தூளில் சாயம் கலந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஈரமான வடிதாளின் மேல் ஒரு சிட்டிகைத் தூளைத் தூவிவிட்டு உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பேன். நல்ல தூள் மெதுவாக, சோம்பலாகக் கறை விடும். சாயம் போட்ட தூள் விழுந்த கையோடு அவசர அவசரமாக மஞ்சளும் சிவப்புமாகப் புள்ளி வைக்கும். குன்னூரில் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் பல வருடங்களாக இதைத்தான் செய்கிறேன். இதனால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. எது அளவுக்கு மீறி நன்றாக இருக்கிறதோ அதை என்னால் நம்ப முடியாது. கல்யாண வீட்டில் டீ நல்ல நிறமாக இருந்தால் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு என்னைப் பிடிக்காது.

விண்வெளி விளையாட்டுக்குள் நான் வந்தது தற்செயல். பள்ளிகள் மூடிக் கிடந்த மாதங்களில், கணக்கு வாத்தியாரான என் வீட்டுக்காரர் ஆன்லைனில் வகுப்பெடுக்க ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். கோயம்புத்தூர்க் கடைக்காரர் தேவைக்கு மேல் பெரிய கிராபிக்ஸ் கார்டு ஒன்றை அவர் தலையில் கட்டிவிட்டார். பள்ளி திறந்த பிறகு அது சும்மா கிடந்தது. சும்மா கிடக்கிற பொருளைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் ஒரு விளையாட்டைப் போட்டுப் பார்த்தேன். சண்டை கிண்டை ஒன்றும் கிடையாது. ஒரு கப்பல், கண்ணுக்கெட்டாத வானம், ஒரு நிலையத்திலிருந்து இன்னொரு நிலையத்துக்குச் சரக்கு ஏற்றிப் போகும் வேலை. கப்பலை ஒருமுறை தள்ளிவிட்டால் அது போய்க்கொண்டே இருக்கும். நிற்க வேண்டுமானால் எதிர்ப்பக்கம் நாம்தான் தள்ள வேண்டும். தன்னால் எதுவும் நிற்காத இடம் என்பது எனக்குப் பிடித்துவிட்டது.

பிறகு தமிழ் ரசிகர்களின் இணையக் குழு ஒன்றில் சேர்ந்தேன். ஐம்பது அறுபது பேர் இருப்பார்கள். எந்நேரமும் பேச்சுத்தான். எந்தக் கிராபிக்ஸ் கார்டு சூடாகிறது, எந்த ஹெட்செட் போட்டால் தலை வலிக்கிறது, புதிதாக வந்திருக்கிற மோட் நன்றாக இருக்கிறதா இல்லையா. மோட் என்பது விளையாட்டோடு ரசிகர்களே எழுதிச் சேர்க்கிற ஒட்டுவேலை. சிலது சனிக்கிரகத்து வளையத்தை இன்னும் அழகாகக் காட்டும். சிலது கப்பலைத் தானே ஓட்டித் தரும். இரண்டாவது வகையைப் பற்றிப் பேச்சு வந்தால் குழுவில் அடிதடிதான்.

ஜாய்ஸ்டிக் விஷயத்தில் மலைக்காரர்களுக்கென்று தனிக் கஷ்டம் உண்டு. மழைக்காலத்தில் ஈரம் உள்ளே போய்விடும். யாரும் தொடாமலே கப்பல் இடதுபக்கம் நழுவும். சமவெளிக்காரர்கள் "மாத்திருங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். நான் ஆய்வுக்கூடத்து வழியைச் சொன்னேன். ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைத் தோசைக்கல்லில் வாட்டி, ஜாய்ஸ்டிக்கோடு சேர்த்து ஒரு டப்பாவில் மூடி வைத்தால் போதும். அதிலிருந்து குழுவில் எனக்கு மரியாதை கூடிவிட்டது.

அந்த மரியாதை எனக்கு வந்தது என்று சொல்லவும் முடியாது. குழுவில் என் பெயருக்குப் பக்கத்தில் ஓர் அலுமினியக் கெட்டிலின் படம் வைத்திருந்தேன். முதல் நாளே ஒருவர் "கெட்டில் அண்ணா, வாங்க" என்று எழுதினார். திருத்தத்தான் நினைத்தேன். அதற்குள் ஒரு சம்பவம் நடந்துவிட்டது. எல்லாரும் மைக்கில் பேசிக்கொண்டிருந்தபோது ஒருவர் வீட்டிலிருந்து அவர் மனைவி, "ஏனுங்க, சிலிண்டர் வந்துச்சா?" என்று கேட்டது எல்லார் காதிலும் விழுந்தது. இரண்டு மாதம் அந்த மனிதரை விடவில்லை. அவர் என்ன எழுதினாலும் கீழே யாராவது "சிலிண்டர் வந்துச்சா?" என்று போட்டார்கள். அதைப் பார்த்த பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. மைக் பழுது என்று சொல்லிவிட்டேன். மூன்று வருடமாக அது பழுதாகவே இருந்தது.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. வருடத்துக்கு ஒருமுறை நாலு பேர் ஒரே கப்பலில் ஏறி நெடும்பயணம் போவார்கள். வாரம் ஒருநாள், ஞாயிறு காலை, மூன்று மாதம். இதற்குக் கைப்பயணம் என்று பெயர். கப்பலை ஓட்டித்தருகிற எந்த மோடும் கூடாது, விளையாட்டிலேயே உள்ள உதவிகளும் கூடாது, எல்லாம் கையால்தான். ஒருவர் பைலட், ஒருவர் வழி பார்ப்பவர், ஒருவர் இன்ஜின். நாலாவது ஆள் நான், பதிவேடு பார்ப்பவள். பைலட் சீட்டுக்கு ஆசைப்படுகிறவர்கள் சுழலும் நிலையம் ஒன்றில் பத்துமுறை கப்பலைக் கொண்டுபோய் நிறுத்திக் காட்ட வேண்டும். நிலையம் ராட்டினம் மாதிரி சுற்றிக்கொண்டிருக்கும். அதன் வாய் வழியாகக் கப்பல் உரசாமல் நுழைய வேண்டும். இதற்கு டாக்கிங் என்று பெயர். கப்பலின் ஒவ்வோர் அசைவையும் விளையாட்டு தானாகவே ஒரு கோப்பில் எழுதி வைக்கும். அந்தப் பத்து டாக்கிங்கின் கோப்புகளும் என்னிடம் வரும். மோட் போட்டு ஏமாற்றியிருக்கிறார்களா என்று நான் பார்த்துச் சொல்வேன். நான் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

இந்த முறை பைலட் சீட்டுக்கு வந்தவர் படமாக ஒரு வரையாட்டை வைத்திருப்பவர். பைக்காரா தாண்டி ஒரு மின்நிலையத்தில் வேலை என்று சொல்லியிருந்தார். இரண்டு வருடத்துக்கு முன் அவருக்கு நான் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைத் தபாலில் அனுப்பியிருந்தேன். அதிகம் பேசமாட்டார். ஆனால் அந்தச் சீட்டுக்கு அவர் ஏங்கியது எனக்குத் தெரியும். முதல் வருடம் பேர் கொடுத்தார், இன்டர்நெட் போய்விட்டது. அடுத்த வருடம் கொடுத்தார், மழையில் லீவு கிடைக்கவில்லை. இந்த வருடம் எனக்குத் தனியாக மூன்று தடவை எழுதிவிட்டார். "இந்தத் தடவையாவது கெடைக்குமாங்கண்ணா?" மூன்றாவது தடவை கேட்டபோதே எனக்கு லேசாகச் சந்தேகம் தட்டியது. இத்தனை ஆசை உள்ளவன் எதற்கும் துணிவான் என்று நினைத்தேன்.

கோப்புகளைத் திறந்ததும் எனக்கு வடிதாளில் சிவப்புப் புள்ளி தெரிந்தது. பத்தும் ஒன்றுபோல இருந்தன. மனிதன் ஓட்டினால் ஒருமுறை கொஞ்சம் முன்னால் வேகத்தைக் குறைப்பான், ஒருமுறை கொஞ்சம் பிந்துவான், நடுவில் பயந்து ஒரு தட்டுத் தட்டுவான். இவர் பத்துமுறையும் தொள்ளாயிரம் மீட்டரில் நிறுத்தினார், அறுநூறில் நிறுத்தினார், முந்நூறில் நிறுத்தினார். நிறுத்தி, அதே அளவு பொறுத்து, மறுபடி நகர்ந்தார். பயப்பட்டதற்கு ஒரு தடயமும் இல்லை. ஒன்பதாவது டாக்கிங்கில் மட்டும் அறுநூறுக்கு வருமுன்பே நடுவழியில் நின்ற கப்பல் நாற்பது நொடி அப்படியே நின்றிருந்தது. பிறகு ஒன்றும் நடக்காதது போல அதே தாளத்தில் கிளம்பியது. மோட் நடுவில் திணறியிருக்கிறது, பிறகு சரியாகியிருக்கிறது என்று முடிவு கட்டினேன்.

அவரிடம் தனியாக ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம் எனக்கு. பத்து டாக்கிங்கையும் கோடு போட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் படமாக்கிக் குழுவில் போட்டேன். "மனிதக் கை இப்படி ஓட்டாது" என்று கீழே எழுதினேன். ஐந்து நிமிடத்தில் இருபது பேர் வந்துவிட்டார்கள். "அண்ணா சொன்னாச் சரியாத்தான் இருக்கும்." "அமைதியா இருந்தே ஏமாத்திருக்காரு." ஒருவர் எந்த மோட் என்றே பெயர் சொல்லிவிட்டார். வரையாட்டுக்காரர் சாயங்காலம்தான் வந்தார். "நான் மோட் எதும் போடலைங்க" என்று எழுதினார். அப்புறம் ஏன் பத்தும் ஒன்றுபோல இருக்கிறது என்று கேட்டேன். "அத இங்க சொல்றதுக்கில்லைங்க" என்றார். சற்று நேரத்தில் குழுவை விட்டு வெளியேறிவிட்டார். குற்றமுள்ள நெஞ்சு என்று எல்லாரும் முடிவு செய்தோம். அடுத்த ஞாயிறு காலை பயணம். அதற்குள் பைலட் சீட்டை வேறொருவருக்குக் கொடுப்பதாகப் பேச்சு.

இரண்டு நாள் நிம்மதியாக இருந்தேன். மூன்றாம் நாள் ஆய்வுக்கூடத்தில் ஒரு மாதிரியை மறுசோதனை செய்துகொண்டிருந்தபோது அந்த நாற்பது நொடி நினைவுக்கு வந்தது. மோட் திணறினால் கப்பல் ஏன் நிற்க வேண்டும்? விண்வெளியில் எதுவும் தன்னால் நிற்காதே. நகர்ந்துகொண்டிருந்த கப்பலை யாராவது எதிர்ப்பக்கம் தள்ளி நிறுத்தியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும், குழுவில் பெயர் சொன்ன அந்த மோடை நானே போட்டுப் பார்த்தேன். நடுவில் வேண்டுமென்றே அதைத் திணறடித்தேன். கப்பல் நிற்கவில்லை. நேராகப் போய் நிலையத்தின் சுவரில் மோதியது. நாலு தடவை செய்து பார்த்தேன், நாலு தடவையும் மோதியது.

என் சந்தேகத்தின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது அதுதான் முதல் தடவை. பிடிக்கவே இல்லை. எங்கள் வேலையில் இதற்கு ஒரு முறை உண்டு. இரண்டு சோதனை ஒத்துவராவிட்டால் பழைய மாதிரியை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டக் கூடாது. பொருள் இருக்கிற இடத்துக்கே போய்ப் புது மாதிரி எடுத்து வர வேண்டும். அவர் முகவரிதான் என்னிடம் இருந்ததே.

சனிக்கிழமை காலை பையை எடுத்து மாட்டியதும் வீட்டுக்காரர் தலையைத் தூக்கினார். "எங்க கெளம்பிட்ட?"

"பைக்காராப் பக்கம். ஒருத்தரப் பாக்கோணுங்க."

"அந்த ஆட்டுப்படக்காரரையா? தேயிலைக்குச் சாயம் பாக்கறது பத்தாதா? மனுசனுக்குமா?" என்றவர், கொஞ்சம் பொறுத்து, "அங்க போயி நீ யாருன்னு சொல்லுவ?" என்று கேட்டார்.

நான் அதை யோசித்திருக்கவில்லை. ஊட்டி பஸ்ஸில் யோசித்தேன், அங்கிருந்து கூடலூர் பஸ்ஸில் ஏறி யோசித்தேன். பைன் மரங்களுக்குள்ளிருந்து மஞ்சு இறங்கி வந்து கண்ணாடியை மூடியபோது வழி கிடைத்தது. கெட்டில் அண்ணனின் மனைவி என்று சொல்லிவிடலாம். அவருக்கு உடம்பு சரியில்லை, பார்த்து வரச் சொன்னார். பொய்தான். ஆனால் உண்மையைக் கண்டுபிடிக்கச் சொல்கிற பொய் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

குடியிருப்பில் ஒரே மாதிரி வீடுகள். கதவைத் திறந்தது அவர் மனைவி. என்னைவிட இளையவர், கூடலூர்ப் பக்கத்துப் பேச்சு. கெட்டில் அண்ணனின் மனைவி, அவருக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னதும் முகம் இறுகிவிட்டது.

"அந்தாளு எதுக்கு வரல? எழுதறப்ப மட்டும் கை நல்லாருந்துச்சா?"

"சும்மா இரு" என்று உள்ளேயிருந்து வந்தவர் வரையாட்டுக்காரர். ஐம்பதை நெருங்கியிருப்பார். தடித்த விரல்கள், சட்டைப் பையில் ஒரு டெஸ்டர். "வாங்க, உக்காருங்க. அண்ணனுக்கு ஒடம்புக்கு என்னங்க?"

"சளி" என்றேன்.

"கொஞ்சம் வெள்ளம் குடிக்கறீங்களா?" என்று அந்த அம்மா முறைத்துக்கொண்டே தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

என் கண் அறையைத் துழாவியது. சுவரோரம் கம்ப்யூட்டர். ஜாய்ஸ்டிக் மேல் துணி போர்த்தியிருந்தது. பக்கத்து டப்பாவில் நான் அனுப்பிய பொட்டலங்கள், தோசைக்கல்லில் வாட்டிய கருகலோடு. எதிரே ஒரு நாற்காலிக்கு இரண்டு நாற்காலி. மேசை ஓரத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளர் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது, அதன் மேல் ஒரு கரண்டி. டம்ளரின் அடிப்பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன நசுங்கல். விளையாடுகிற இடத்தில் கவிழ்த்த டம்ளர் எதற்கு?

"ஏனுங்க, பத்தும் எப்படி ஒண்ணாட்டம் இருந்துச்சுன்னு அவர் கேக்கச் சொன்னார்" என்றேன். "மோட் இல்லைன்னா வேற என்னங்க?"

அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா பட்டென்று அந்தக் கரண்டியை எடுத்துக் காட்டினார். "இதுதான் மோட். போயிச் சொல்லுங்க."

பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து செய்து காட்டினார்கள். அவர் கப்பலை நிலையத்துக்கு எதிரே கொண்டுவந்து, நிலையம் சுற்றுகிற வேகத்துக்குக் கப்பலையும் ஒருமுறை உருட்டிவிட்டார். அதன் பிறகு திரையைப் பார்க்கவே இல்லை. தலையைக் குனிந்து, கைப்பிடியில் எவ்வளவு தள்ள வேண்டும் என்று பெயின்டால் போட்டிருந்த ஒரு கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்தைப் பார்த்தது அவர் மனைவி. டிங் டிங் என்று கரண்டியால் டம்ளரில் இரண்டு தட்டினார், கப்பல் நகர்ந்தது. தூரம் தொள்ளாயிரம் காட்டியதும் ஒரு தட்டு, கப்பல் நின்றது. மறுபடி இரண்டு. அறுநூறில் ஒன்று. முந்நூறில் ஒன்று. கடைசியாக ஒரு சின்னத் தட்டு. உரசல் இல்லாமல் கப்பல் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. இவ்வளவுக்கும் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

"தெரைல சுத்தறதப் பாத்தா எனக்குத் தல சுத்துதுங்க" என்றார் அவர். "மொத மொத வாந்தியே வந்துருச்சு. அதான் வேலைல பண்றத இங்கயும் பண்ணிப் பாத்தோம்."

அவருக்கு வின்ச் ஓட்டுகிற வேலை. மலையுச்சியிலிருந்து கீழே இருக்கிற மின்நிலையத்துக்கு, ராட்சதத் தண்ணீர்க் குழாய்களை ஒட்டிச் செங்குத்தாகத் தண்டவாளம் இறங்குகிறது. அதில் ஆட்களையும் சாமான்களையும் ஏற்றிய ட்ராலியைக் கம்பிக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். கயிறு சுற்றிய உருளையை மேலே அறைக்குள் உட்கார்ந்து இவர் ஓட்டுகிறார்.

"ட்ராலி போறது எனக்குத் தெரியாதுங்க. எட்டிப் பாத்தாலும் மஞ்சுதான். கூடப் போறவரு மணி அடிப்பாரு. ஒண்ணு அடிச்சா நிறுத்து. ரெண்டு அடிச்சா எறக்கு. மூணு அடிச்சா ஏத்து. மணி வரலைன்னா நின்னுரோணும். சரியாத்தான் அடிக்கறாரான்னு எந்திரிச்சுப் போயிப் பாக்கப்படாது. நான் எந்திரிச்ச நேரத்துல ஏதாச்சும் ஆயிருச்சுன்னா? ட்ராலில ஆளு இருக்குதுங்களே."

எனக்குக் கேட்க இன்னும் ஒன்று பாக்கி. "ஒம்பதாவது டாக்கிங்ல நாப்பது நொடி நின்னுச்சே. அது ஏனுங்க?"

அந்த அம்மா சிரித்துவிட்டார், கோபத்தையும் மறந்து. "அதுவா? அடுப்புல பால் வெச்சிருந்தேன். பொங்கற சத்தம் கேட்டு ஒண்ணு தட்டிட்டு ஓடிட்டேன். நான் வந்து தட்டற வரைக்கும் மனுசன் குனிஞ்ச தல நிமிரல."

எனக்கு முகத்தில் ரத்தம் ஏறியது. மோட் என்று படம் போட்டு ஊருக்கெல்லாம் காட்டினேனே, அது பால் பொங்கியது. மோட் கூடாது என்றுதான் எங்கள் விதி. மனைவி கூடாது என்று விதி கிடையாது. பத்துத் தடவையும் ஒரு மனிதக் கை ஓட்டியிருக்கிறது, இன்னொரு மனிதக் கை தட்டியிருக்கிறது. நான் வெட்கப்பட்டேன். அதை மறைக்கத் தண்ணீரை எடுத்துக் குடித்தேன்.

"இதக் குழுவுல சொல்லிருக்கலாமேங்க" என்றேன்.

"எப்படிங்க சொல்றது? ஊட்டுக்காரம்மா சிலிண்டர் வந்துச்சான்னு கேட்டதுக்கே அந்த மனுசனப் போட்டுக் கொன்னுட்டாங்க. பொண்டாட்டி டம்ளர் தட்டித்தான் இவன் ஓட்டறான்னு தெரிஞ்சா விடுவாங்களா?"

"எனக்கொண்ணும் வெக்கமில்ல. எல்லாம் இவருக்குத்தான்" என்றார் மனைவி.

நான் சீக்கிரமாக எழுந்து போய்விட வழி பார்த்தேன். "அவர்கிட்டச் சொல்றனுங்க. நாளைக்கு நீங்க வந்துருங்க. பைலட் சீட்டு உங்களுக்குத்தான்."

அவர் தலையசைத்தார், இல்லை என்று. "அப்படி வரமாட்டனுங்க. சீட்டுக்கு ஆசதான், இல்லைன்னு சொல்லல. மூணு வருசமாக் காத்துட்டு இருக்கறேன். ஆனா அண்ணன் எல்லாரு முன்னாடியும் சொன்னாரு. எல்லாரு முன்னாடியும் அவரே வந்து தப்புன்னு சொல்லட்டும். ஆள் விட்டுச் சொன்னா எப்படிங்க?"

"அதுக்கு முன்னாடி என் முன்னாடி வந்து நிக்கட்டும்" என்றார் அந்த அம்மா. "சளி கொறஞ்சதும் வரச்சொல்லுங்க. ஆளப் பாக்கோணும் எனக்கு."

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அந்த டம்ளர் என் கண்ணெதிரே இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டு ஒளித்து வைத்தது அவர் ஒருவர் மட்டுமா?

"அவர் வரமாட்டாருங்க" என்றேன். "அப்படி ஒருத்தர் இல்லைங்க. கெட்டில் நான்தான். உங்களப் பத்தி எழுதுனதும் நான்தான். தப்புத்தானுங்க."

இருவரும் என்னையே பார்த்தார்கள். இதோடு அவமானம் முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. அவர்கள் என்னை நம்பவில்லை.

"ஊட்டுக்காரரக் காப்பாத்தப் பாக்கறீங்க" என்றார் அந்த அம்மா, கண்ணைச் சுருக்கி. "பொம்பளைன்னா நாங்க ஒண்ணும் சொல்லமாட்டோம்னு உங்கள அனுப்பிருக்காரு. நல்ல ஆளு!"

"இல்லைங்க, நெசமா நான்தான்."

"அண்ணன் பேசற பேச்சே வேறங்க" என்றார் அவர், மரியாதை குறையாமல். "மூணு வருசமாப் படிக்கறனே. நீங்க இவ்ளோ மெதுவாப் பேசறீங்க."

தோசைக்கல்லைச் சொன்னேன், ஈரப் பொட்டலத்தைச் சொன்னேன். அதெல்லாம் புருசன் சொல்லித் தெரிந்திருக்கும் என்றார் அந்த அம்மா. செல்போனில் குழுவைத் திறந்து காட்டலாம் என்றால் அந்த இடத்தில் சிக்னல் இல்லை, அன்றைக்கு அவர்கள் வீட்டு நெட்டும் போயிருந்தது. வாழ்க்கை முழுக்க மற்றவர்களிடம் ஆதாரம் கேட்டவள் நான். எனக்கு நானே ஆதாரமாக ஒன்றும் கையில் இல்லாமல் பிறத்தியார் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கண்ணில் தண்ணீர் முட்டியது, கோபத்தில்தான்.

அவர்தான் இரக்கப்பட்டார். "அப்படின்னா ஒரு டாக்கிங் போட்டுக் காமிங்க. அண்ணனுக்கு அது கைவந்ததாச்சே."

"எங்க மொறைல" என்றார் மனைவி, டம்ளரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு. "தெரையப் பாக்கப்படாது. நான் தட்டறதக் கேட்டு ஓட்டோணும்."

உட்கார்ந்தேன். பழக்கமில்லாத ஜாய்ஸ்டிக், என் கைக்குப் பெரியது. கப்பலை உருட்டிவிட்டுத் தலையைக் குனிந்து அந்தப் பெயின்ட் கோட்டைப் பார்த்தேன். டிங் டிங். நகர்த்தினேன். டிங். நிறுத்தினேன். சரியாகத்தான் போனது. டிங் டிங். மறுபடி நகர்த்தினேன். இப்போது மனதுக்குள் நானும் தூரத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். என் கணக்குப்படி அறுநூறு வர இன்னும் தூரம் இருந்தது. டிங், என்றது டம்ளர். இவ்வளவு சீக்கிரமா? என்மேல் கோபத்தில் வேண்டுமென்றே முன்னால் தட்டுகிறாரோ? நான் நிறுத்தவில்லை. தலையை நிமிர்த்திப் பார்த்தேன். திரை முழுக்க நிலையம், அதன் பின்னால் வானம் சுற்றிக்கொண்டிருந்தது. கண் சுழன்றது, கை தவறியது. சுதாரித்து நிறுத்துவதற்குள் கப்பல் முந்நூறையும் தாண்டிச் சுவரில் மோதித் துண்டு துண்டாகப் போனது.

கரண்டியை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"ஒண்ணு தட்டினேனே" என்றார் அந்த அம்மா. "ஏன் நிறுத்தல?"

பொய் சொல்லும் தெம்பு எனக்கு இல்லை. "நீங்க சரியாத்தான் தட்டறீங்களான்னு பாத்தேன்" என்றேன்.

வரையாட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். டெஸ்டர் சட்டைப் பையிலிருந்து கீழே விழுந்தது. மனைவி பக்கம் திரும்பி, "இப்ப நம்பறேன்" என்றார். "இது அண்ணனேதான்."

மறுநாள் ஞாயிறு காலை, வரையாட்டுக்காரரையும் திரும்பச் சேர்த்துக் குழுவில் எல்லாரும் கூடியிருந்தபோது மூன்று வருடமாகப் பழுதாயிருந்த மைக்கைத் திறந்தேன். கெட்டில் அண்ணா என்பது நான்தான் என்று ஆரம்பித்தேன். சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன், பால் பொங்கியது வரைக்கும். சொல்லி முடித்ததும் முதலில் பேசியவர் அந்தச் சிலிண்டர்க்காரர். "இத்தன நாள் எங்கிட்டயாச்சும் சொல்லிருக்கலாமேங்க" என்றார். பைலட் சீட்டுக்கு நேரே பதிவேட்டில் இரண்டு பேரை எழுதினேன். எதிர்ப்பு சிலருக்கு வாய்வரைக்கும் வந்தது எனக்குத் தெரியும், ஆனால் யாரும் சொல்லவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் நாலு பேர் காதிலும் அந்த டம்ளர் கேட்கிறது. இரண்டு தட்டினால் கப்பல் நகர்கிறது, ஒன்று தட்டினால் நிற்கிறது. அந்த ஒற்றைத் தட்டு கேட்டதும் மற்றவர்கள் அவரவர் வேலையை நிறுத்திவிட்டுக் கம்மென்று இருப்பார்கள். நான் மட்டும் ஒரு நொடி தலையை நிமிர்த்தித் தூரத்தைப் பார்த்துவிடுகிறேன். இதுவரை ஒருமுறைகூட அது தவறாக இருந்ததில்லை.